கொக்கியில் மாட்டிய கயிறு

இது எனக்கு நேராகக் கிடைத்த கதை இல்லை. இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில், சென்னியப்பன் அண்ணன் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு பக்கத்து நகரத்தில் மேல்படிப்புப் படித்தேன். அது நடந்த மத்தியானம் நான் வீட்டில் இல்லை. பிறகு எனக்குச் சொன்னவர் அவர் மனைவி பூங்கொடி அக்கா. சமையலறையில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, துண்டு துண்டாகப் பல நாள் சொன்னார். அண்ணன் சொன்னது இரண்டே வாக்கியம். மற்றதை நான் நிரப்பியிருக்கிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், என்னவோ எட்ட நின்று பேசுவதுபோல இருந்தது. அதனால் அவரே நினைப்பதாக எழுதிவிட்டேன். தவறு இருந்தால் என்னுடையது.

இன்னும் ஒரு இழுப்பு. மெதுவாக. கயிறு தரையில் அடித்த கப்பிக்குள் நுழைந்து என் கைக்கு வருகிறது, அதன் மறுமுனை மேலே நாணில் கட்டியிருக்கிறது, நான் இழுக்க இழுக்க எதிர்ச் சுவர்க் கட்டையில் குறுக்காகப் படுத்திருக்கும் வில் இரண்டு பக்கமும் தாழ்ந்துகொண்டே வருகிறது. வலது பக்கம் ஒழுங்காக வளைகிறது. இடது பக்கத்தில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓரிடம் மட்டும் வளைய மாட்டேன் என்று நிற்கிறது. விடு. வில்லை எடுத்து மேசையில் வை. சுரண்டும் தகட்டை எடுத்து அந்த இடத்தில் நாலு முறை, போதும், ஐந்தாவது வேண்டாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. தூள் ஆரஞ்சு நிறத்தில் விழுகிறது, யூ என்கிற இந்த மரத்தின் உள்பக்கம் அப்படித்தான், கேரட் துருவியதுபோல. போன் மேசை ஓரத்தில் மல்லாந்து கிடக்கிறது. சத்தம் வைத்திருக்கிறேனா? வைத்திருக்கிறேன். தகரக் கூரையில் மழை பெய்கிறது, மழைக்கு மேலாகக் கேட்குமா? கேட்கும். முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடிக்கிறது. இந்த மரத்தின் தூசி ஆகாது, இலையைத் தின்றால் மாடு செத்துவிடும் என்று வில் செய்யக் கற்றுத்தரும் மார்கரெட்டம்மா முதல் சனிக்கிழமை வகுப்பிலேயே சொன்னார்கள். அதனால் வேலை முடிந்ததும் சட்டையை இங்கேயே கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நேராகக் குளிக்கப் போக வேண்டும், பூங்கொடி போட்ட உத்தரவு. நர்ஸ் அல்லவா. "கொழந்தைக்கு இப்ப ஒடம்புல எதிர்ப்பே இல்லீங் மாமா. உங்க மரத்தூளெல்லாம் அந்த ஷெட்டோட நிக்கட்டும்." குழந்தை என்கிறாள். மிருதுளாவுக்குப் பதின்மூன்று வயது. போன வருஷம் குழந்தை என்று சொன்னால் கதவை அறைந்து சாத்துவாள், இப்போது கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். சும்மா இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்நேரம் அம்மாவும் மகளும் பர்மிங்காம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். அல்லது அந்த மீன்தொட்டி இருக்கிற அறையில் உட்கார்ந்திருப்பார்கள், அந்தத் தொட்டியில் ஒரு மீன் எப்போதும் ஒரே மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். காலையில் காரில் ஏறும்போது கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, "அப்பா, நீங்க வராதீங்க" என்றாள். "ஏஞ்சாமி?" "நீங்க வந்தா டாக்டர் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவீங்க. நான் அதையே பாத்துட்டு இருப்பேன், அவங்க சொல்றது காதுலயே விழாது." "நான் எங்க தொங்கப் போட்டேன்?" "இப்பவே தொங்குது. கார் கண்ணாடில பாருங்க." பூங்கொடி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததில் ஏதோ இருந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் உடனே நிறுத்திவிட்டார்கள். "வில்ல முடிச்சு வைங்க. வந்து இழுத்துப் பாக்கணும்" என்றாள் மிருதுளா. எந்தக் கையால் என்று என் வாய் கேட்டுவிடப் போகிறதே என்று கார் கதவைப் படாரென்று சாத்தினேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். வலது தோளுக்குக் கீழே எலும்பில் வந்திருப்பதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைக்க முடிந்தால் கை நிற்கும். முடியாவிட்டால் கையையே எடுத்துவிடுவார்கள். அத்தனை மருந்தும் ஏற்றி, அத்தனை வாந்தியும் எடுத்து, அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் இருக்கிறது அது. ஸ்கேனில் ஏற்கனவே இருக்கிறது, இங்கே நான் சுரண்டுவதால் மாறப்போவதில்லை. ஆனாலும் ஏன் ஒவ்வொரு சுரண்டலுக்கும் மூச்சைப் பிடிக்கிறேன்? இழு. பார். அந்த இடம் கொஞ்சம் இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம்தான். வெள்ளைப் பக்கத்தைத் தொடாதே. வில்லின் முதுகு வெள்ளையாக இருக்க வேண்டும், வயிறு ஆரஞ்சாக, வெள்ளைதான் இழுபடும், ஆரஞ்சுதான் நசுங்கும், இரண்டும் ஒரே மரத்தில் பிறவியிலேயே ஒட்டி வந்திருக்கிறது. முதல் கட்டையில் அந்த வெள்ளைப் பக்கம் அலை அலையாக இருக்கிறதே என்று இழைப்புளி போட்டு மட்டமாக்கிவிட்டேன். முதல் இழுப்பிலேயே பளீரென்று தெறித்தது. மிரு ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது பம்பு இல்லப்பா. அது வளைஞ்சு போனா நீங்களும் கூடவே வளைஞ்சு போகணும்." மார்கரெட்டம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாள், ஆனால் அவள் சொன்னபோதுதான் எனக்கு ஏறியது. கோயம்புத்தூர் கணபதியில் பேட்டர்ன் கடையில் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது எனக்கு. பவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மணலில் அச்சுப் பதிக்க வேண்டும், அந்த அச்சுக்கு மரத்தில் உருவம் செய்து தருவது எங்கள் வேலை. பம்புக்கூடு, மோட்டார்க்கூடு, புல்லி. முதலாளி சொல்வார், "சென்னி, மரந்தான் நம்ம பேச்சைக் கேக்கோணும், நாம மரத்துப் பேச்சைக் கேட்டா வேலை ஆகாது." அப்படித்தான் கேட்க வைத்தோம். ஒட்டி, கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டு, டீ வந்தால் டீக்குப் போய்விடுவோம், பவுண்டரியிலிருந்து ஆள் வந்தால் ஆளிடம் போய்விடுவோம். கிளாம்ப்பில் கிடக்கிற மரம் எங்கே போகப் போகிறது? அதனால்தான் இங்கேயும் கப்பிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியைத் திருகி வைத்தேன். கை ஓய்ந்தால் இழுத்த கயிற்றை அதில் மாட்டிவிட்டு நிதானமாகப் பார்க்கலாமே என்று. மார்கரெட்டம்மா ஒருநாள் கட்டை கொடுக்க வந்தபோது பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "கூடாது. இழு, பார், விட்டுவிடு. இழுத்தபடியே நிறுத்தினால் மரம் அதுதான் தன் வடிவம் என்று நம்பிவிடும். இதைப் பிடுங்கிப் போடு." தலையாட்டினேன். நல்ல எஃகுக் கொக்கி, ஆழமாகத் திருகியிருந்தேன், பிடுங்க மனசு வரவில்லை.

சுவரில் பென்சில் கோடுகள். இழுக்க இழுக்க நாண் எது வரைக்கும் இறங்குகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று, அவள் கையாலேயே 'மிரு' என்று எழுதி ஒரு சின்ன அம்பு போட்டிருக்கிறாள். அதுதான் அவள் இழுக்கும் தூரம், இடது கையை முழுக்க நீட்டி, வலது கையைத் தாடை வரைக்கும் கொண்டு வந்தால் எவ்வளவோ அவ்வளவு. வில் அது வரைக்கும் வளைந்தால் போதும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடத் தேவையில்லை. மார்கரெட்டம்மா அளந்து சொன்ன எண்ணை நான் சுவரில் குறித்தபோது ஊரிலிருந்து கொண்டு வந்த பேட்டர்ன் ஸ்கேலை வைத்துக் குறித்தேன். அந்த ஸ்கேல் கொஞ்சம் பொய் சொல்லும். இரும்பு ஆறும்போது சுருங்கும் அல்லவா, அதற்காக அதில் ஒவ்வொரு அங்குலமும் உண்மையான அங்குலத்தைவிடத் துளி நீளமாகப் போட்டிருப்பார்கள். அலவன்ஸ். அதனால் அவள் கோடு அவளைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் இதே வில் ஆக வேண்டுமே. சுருங்குவதற்குப் போட்ட ஸ்கேலை வளர்வதற்கு வைத்தேன் என்று அன்றைக்கு எனக்கே ஒரு சந்தோஷம், பூங்கொடியிடம் சொன்னேன், "உங்க கணக்கெல்லாம் யாருக்குங் புரியும்" என்றாள். போன வாரம் மிருவைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். எடையே இல்லை. நாலாம் வகுப்பில் எப்படி இருந்தாளோ அப்படி. பழனியில் அவளுக்கு மொட்டை அடித்தபோது என் மடியில் உட்கார்ந்து அழுதாளே, அந்தத் தலைதான் இப்போது தொப்பிக்குள் இருக்கிறது, அன்றைக்குச் சந்தனம் பூசினோம், எல்லோரும் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது யாரும் தடவுவதில்லை. நானும்தான். நான் ஏன் தடவவில்லை? கையில் மரத்தூள் இருக்குமே என்று. அது இல்லை. அது இல்லை.

இழு. இன்னும் அந்த இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, கிளை முளைக்கப் பார்த்து நின்றுபோன புள்ளி, மிளகளவு. அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தை மேடாக விட்டிருக்கிறேன், அங்கே மரம் பலவீனம், சமமாகச் சீவினால் அங்கேதான் முறியும். மிரு அதைத் தடவிவிட்டு, "வில்லுக்குப் பரு வந்திருக்கு" என்றாள். டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டு, இதுதான் மார்ஜின், கெட்டதைச் சுற்றி நல்லதிலும் இவ்வளவு சேர்த்து எடுத்தால்தான் நிம்மதி என்று சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது, பூங்கொடிக்கு முன்னால் எனக்குப் புரிந்தது, அலவன்ஸ்தான். ஆனால் தலைகீழ். மரத்தில் கெட்ட இடத்தைச் சுற்றி அதிகம் விடுகிறேன், உடம்பில் அதிகம் எடுக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது, இங்கிலீஷில் வரவில்லை, வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன், கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்றா? வில்லால் வரவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். எதனாலும் வரவில்லை, வந்தது, அவ்வளவுதான் என்றார்கள். இரண்டாவது முறை கேட்டபோதும் அதையே சொன்னார்கள். மூன்றாவது முறை பூங்கொடி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அப்படியானால் ஏன் அதே கை? நாண் இழுக்கிற கை? பள்ளிக்கூடத்து வில் சங்கத்தில் மிரு லேசான வில்லை வைத்துவிட்டுக் கொஞ்சம் கனமானதைக் கேட்டாள், கொடுங்கள் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். வலிக்குது என்றாள். பழகினா சரியாப் போயிரும் சாமி என்றேன். சங்கத்திலும் அதைத்தான் சொன்னார்கள், பூங்கொடியும் அதைத்தான் சொன்னாள், நர்ஸான அவளே சொன்னாள் என்பதை நாங்கள் இரண்டு பேரும் இதுவரைக்கும் வாய்விட்டுப் பேசியதில்லை. ராத்திரி தைலம் தேய்த்துவிட்டது நான். தோளுக்குக் கீழே திரண்டு நின்றது. என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. மரத்தில் மயிரிழை மேடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல். கண்டுபிடித்தது. நான் என்ன சொன்னேன்? "பாரு பூங்கொடி, உம் பொண்ணுக்கு ஆர்ம்ஸ் ஏறுது." அவள் கையை மடக்கிக் காட்டினாள், பெருமையாக, நான் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்து அடேயப்பா என்றேன். அடேயப்பா என்றேன். போதும். இழு.

இறங்குகிறது. அந்த இடம் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சாமி, நீ பார்க்கணும், ஒரே மாதிரி வளைகிறது, மேலே எச்சில் விழுங்குவதுபோல ஒரு சின்னச் சத்தம், நாண் முடிச்சு இறுகுகிற சத்தம்தான், மரம் இல்லை, இன்னும் கொஞ்சம், நேற்றைய கோடு தாண்டியாயிற்று, உள்ளங்கை எரிகிறது, இன்னும், 'மிரு' என்ற எழுத்தின் தலையை நாண் தொட்டுவிட்டது, கோட்டுக்கு வந்துவிட்டது, போன் அடிக்கிறது. போன். கயிற்றை இழுத்து மாட்டினேன். கை தானாகச் செய்தது, டீ வந்ததும் கிளாம்ப்பை முறுக்குகிற கை. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"மாமா."

"சொல்லு."

"சாப்டீங்ளா?"

"சாப்டேன்." சாப்பிடவில்லை.

"எங்க இருக்கீங்?"

"ஷெட்ல."

"உக்காருங்க."

"உக்காந்துட்டேன்." நின்றுகொண்டுதான் இருந்தேன். மழை சட்டென்று விட்டிருந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

"எடுத்தரோணும்ங்கறாங்க மாமா. ரத்தக் கொழாயச் சுத்தி ஏறிருச்சாம். மார்ஜின் கெடைக்காதாம்." பிறகு நர்ஸ் குரலில் தேதி, வார்டு, யார் செய்கிறார்கள், எத்தனை மணிநேரம் எல்லாம் சொன்னாள். நான் உம் உம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த இடத்தோடு என்று கேட்டேன். தோளோடு என்றாள். தோளுக்குக் கீழேயா, தோளோடவா? தோளோட மாமா. அவள் அழவில்லை, யாரோ பக்கத்தில் காபி இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள், காசு திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. "கொடுங்கம்மா, நான் பேசறேன்" என்று மிருவின் குரல் கேட்டது.

"அப்பா. மூஞ்சி தொங்குதா?"

"இல்ல சாமி."

"பொய்."

"கொஞ்சம்."

"பாத்தீங்ளா, நீங்க வராததே நல்லது." மூக்கை உறிஞ்சினாள். "இங்க ஒரு மீனு ஒரே மூலைல இருக்குப்பா. போன தடவையும் அங்கதான் இருந்துச்சு."

"ஆமா, நானும் பாத்தேன்."

"வில்லு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எது வரைக்கும் வளையுது?"

திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். கயிறு கொக்கியில் இருந்தது. வில் சுவரில் முழுக்க வளைந்து, நாண் அவள் கோட்டின் மேல், சொன்ன இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக? அவ்வளவு இறுக்கத்தில் மாட்டிய கயிற்றை ஒரு கையால் கழற்ற முடியாது. ஒரு கை கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும். போனை ஒரு நிமிஷம் கீழே வைத்தால் போதும். ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

"உன் கோடு வரைக்கும்" என்றேன்.

"என் கோடு வரைக்குமா? நெஜமாவா?"

"நெஜமா."

"ஒரே மாதிரி வளையுதா? ரெண்டு பக்கமும்?"

"ஒரே மாதிரி சாமி."

"அப்ப நல்லா வந்திருச்சுல்ல" என்றாள். பிறகு பேசவில்லை. வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு அழகாகத்தான் இருந்தது. எத்தனை நாளாக நான் பார்க்க ஆசைப்பட்ட வளைவு. அவள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அழுகையாக மாறியது, அழட்டும், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், போனைக் கீழே வைக்கக் கூடாது. மரம் அங்கே எதையோ நம்பிக்கொண்டிருந்தது. நம்பட்டும். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வர்றோம்பா" என்று வைத்த பிறகுதான் இரண்டு கையாலும் கயிற்றைக் கழற்றினேன். வில் பாதிதான் திரும்பி வந்தது. நாணை அவிழ்த்து மேசையில் வைத்தேன். நேராகவில்லை. யாரும் இழுக்காமலே, எதற்கோ குனிந்ததுபோல வளைந்து கிடந்தது.

அண்ணன் என்னிடம் சொன்ன இரண்டு வாக்கியம் இவைதான்: "மாட்டுனது நாந்தான் தம்பி. கழட்டறதுக்கு ரெண்டு கை வேணும்."

மிருதுளாவுக்கு அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. வில்லை அண்ணன் தூக்கிப் போடவும் இல்லை, வீட்டுக்குள் கொண்டு வரவும் இல்லை. நான் அறையைக் காலி செய்வதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே ஷெட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நாண் ஏற்கனவே ஏற்றியிருந்தது, யார் ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. இதிலிருந்து நான் பார்த்தது.

"அது போச்சு சாமி" என்றார் அண்ணன். "வலுவே இல்ல. வேற செஞ்சு தர்றேன்."

"எனக்கெதுக்கு வலு?" என்றாள். இடது கையால் வில்லை நீட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நாணைப் பல்லால் கடித்தாள். வேடிக்கைக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். "ஏய், பல்லு போயிரும்டி, விடு! அந்த மரம் வெசம்!" என்று பூங்கொடி அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். நாணைக் கடித்தபடியே அவள் ஏதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வில் வளைந்தது. அந்த வலுப்போன வில் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வளைந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வெளியே போனார். சற்று நேரத்தில் ஷெட்டிலிருந்து அந்தக் கொக்கியின் திருகைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. திருகு துருப்பிடித்திருக்க வேண்டும், வெகுநேரம் கேட்டது.

ஊர் மாறி வந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். ஒரு கை இல்லாதவர்கள் அப்படித்தான் அம்பு எய்கிறார்கள். நாணில் ஒரு சின்னத் தோல் துண்டைக் கட்டி, அதைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். இழுப்பதில்லை. தலையை அசையாமல் வைத்துக்கொண்டு, இருக்கிற கையால் வில்லை முன்னால் தள்ளுகிறார்கள்.